அர்த்தனாரி ஒட்டிய நன்றி போஸ்டர்

மலைமேல் வாழவந்தி நாட்டில், ஜீப் வந்து திரும்பும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் என் கடைச் சுவரைப் படிக்கிற மனிதர் அர்த்தனாரி ஒருவர்தான். போஸ்டர் ஒட்டுவது அவர் தொழில். குச்சிக்கிழங்கு மாவில் தானே பசை காய்ச்சுவார். அந்த ருசிக்கு மாடுகள் தலைவர்களை நக்கித் தின்கின்றன என்று பசையில் மிளகைத் தட்டிப் போடுவார். தலைவர்கள் தப்பித்தார்கள், டீ குடிக்க வந்தவர்கள் தும்மித் தொலைத்தார்கள்.

ஒட்டியதை ஆராயாமல் நகரமாட்டார். "கலைமணி, இருக்கறதுலயே சின்ன மூஞ்சி எதுன்னு பாரு. காசு குடுத்தது அவன்தான். கும்பிட்டா ஓட்டு இன்னும் வரல, கையாட்டுனா வந்துருச்சுன்னு அர்த்தம்" என்பார். அட, கிளாஸைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்றால் காதில் விழாது.

போன மாதம் ஒரு கட்சிப் பிரமுகர் போஸ்டர் கட்டோடு வந்து இறங்கினார். 'எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை தந்த அண்ணனுக்கு நன்றி! இவண், ஊர்ப் பொதுமக்கள்.' ஊர் என்றது அர்த்தனாரியின் ஊரைத்தான். இங்கிருந்து மூன்று கிலோமீட்டர், அத்தனையும் சேறும் பாறையும். அவருடைய மகள் பூங்குழலிக்கு எட்டாம் மாதம். வலி கண்டால் தூளி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். அந்த நினைப்பிலேயே மனிதர் பாதி ஆளாகிவிட்டிருந்தார்.

"ரோடு போட்டாச்சான்னு பார்க்க நாளைக்கு அதிகாரி வர்றாரு. ஜீப்பை விட்டு இறங்கமாட்டாரு, போஸ்டரைப் பார்த்துட்டு வேலை முடிஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிருவாரு. ரோட்டோரமா வரிசையா ஒட்டிரு" என்று பிரமுகர் சொல்லிவிட்டுப் போனார்.

அர்த்தனாரி ஒன்றை விரித்துப் பார்த்தார். "படத்துல இருக்கற இந்த ரோட்டுல வரிசையா பனைமரம் நிக்குது. நம்ம மலையில பனை ஏது? ஒரு வளைவுகூட இல்ல. ஊர்ல இருக்கறதே பதினாறு ஊடு. இதுல எவன் நன்றி சொன்னான்? பேரு போட்டா போய்க் கேட்டுருவோம்னுதான் பொதுமக்கள்னு போட்டிருக்கான்."

"கிழித்துப் போடுங்கள் அண்ணா" என்றேன். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"வாங்குன வேலையச் செய்யாம இருந்தா எப்படிம்மா?" என்று கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் அதிகாரி வந்தபோது கடைச் சுவரில் ஒன்றுகூட இல்லை. பிரமுகர் பல்லைக் கடித்தார். "ஏய், போஸ்டர் எங்கே?"

"ரோட்டோரமாத்தானுங்க ஒட்டச் சொன்னீங்க? ஒட்டியிருக்கறனுங்க. வாங்க காட்டறேன்" என்று அர்த்தனாரி ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்.

"மழை வரும் சார், வேண்டாம் சார்" என்று பிரமுகர் குறுக்கே விழாத குறை. அதிகாரி இளவயதுக்காரர், "அதையும் பார்த்துடலாமே" என்று பின்னாலேயே இறங்கினார். நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். இதை விட முடியுமா?

முதல் பாறையில் நன்றி. அடுத்து ஒரு பலாமரத்தில் நன்றி. மூன்றாவது நன்றிக்குப் பக்கத்தில் பிரமுகர் வழுக்கி விழுந்தார். ஐந்தாவதில் அதிகாரியின் செருப்பு சேற்றோடு போயிற்று. அட்டைப்பூச்சிகள் வேறு காலில் ஏறிவிட்டன. கடைசிப் போஸ்டர் அர்த்தனாரியின் வாசலில் இருந்தது. அதன் கீழே பூங்குழலி நிறைவயிற்றோடு உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மூச்சு வாங்கினார். "திரும்பிப் போகவும் இதே வழிதானா?"

"இதேதானுங்க சாமி. எம்பொண்ணு பிரசவத்துக்குப் போறதும் இதே வழிதானுங்க" என்றார் அர்த்தனாரி.

அதிகாரி பூங்குழலியைப் பார்த்தார். வெறுங்காலோடு அங்கேயே உட்கார்ந்து ஃபைலைப் பிரித்து, 'சாலை போடப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.