பொம்மைகளுக்கு ஆக்‌ஷன் சொன்னவன்

கிரீஷ் ‘ஆக்‌ஷன்’ என்று ஒரு குரல் கொடுத்தால் வைகைப் பாலத்தில் போகிற டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றுவிடும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். கீழ் வீட்டுக் குக்கரின் விசிலாவது அந்தச் சத்தத்தில் கேட்காமல் போகும்; இதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. அந்தக் குரலுக்கு அசையாத கூட்டம் மதுரைச் சிம்மக்கல்லில் ஒன்றே ஒன்றுதான்: அவனுக்கு எதிரில் நிற்கும் பொம்மைகள்.

அவை அசையவும் கூடாது. அவன் எடுப்பது ஸ்டாப் மோஷன் படம். பொம்மையை இம்மியளவு நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, ஒரு புகைப்படம். மறுபடி இம்மியளவு, மறுபடி ஒரு படம். எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டால் பொம்மை தானே நடப்பதுபோல் தெரியும். படம் பிடிக்கிற நொடியில் ஒரு தூசிகூட நகரக் கூடாது என்பது இந்த வித்தையின் முதல் பாடம். கிரீஷ் சரியாக அந்த நொடி பார்த்துத்தான் ‘ஆக்‌ஷன்’ சொல்வான்.

“எதுக்கு மாப்ள இம்புட்டுக் கத்துற? மண்ணு பொம்மைடா, அதுக்குக் காது கேக்காது” என்பான் கூடப் படிக்கிற அழகுபாண்டி.

“மூட் செட் ஆகணும்டா. உனக்குப் புரியாது.”

கிரீஷ் படிப்பது ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு. வெயில் மண்டையைப் பிளந்தாலும் கறுப்புச் சட்டை. வீட்டுக்குள்ளும் கழற்றாத தொப்பி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மார்க்கரால் ‘இயக்குநர்’ என்று எழுதி வைத்திருக்கிறான். அவன் இல்லாத நேரத்தில் அவன் அம்மா ஸ்யாமளா அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசும்போது கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “அண்ணே, ஒன் மோர்” என்பான். “இன்னொரு செட்டா தம்பி?” என்பார் மாஸ்டர். தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

போன வருஷம் இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட்டில் அவன் கோட்டைவிட்டான். படத்துக்குப் போஸ்டர் தயாரானது, டீசர் தயாரானது, நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் தயாரானது; படம் மட்டும் தயாராகவில்லை. இந்தத் தடவையும் தவறினால் ஒரு வருஷம் வீணாகும். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போக, அவன் ஜூனியர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த ஜூனியர்களோ அவனை ‘டைரக்டர் அண்ணே’ என்று கூப்பிடுகிறவர்கள்.

ஆகவே மூன்று பேர் கொண்ட குழு. இயக்கம் கிரீஷ். கம்ப்யூட்டரில் படங்களைக் கோக்கிற வேலை அழகுபாண்டி. கேமரா பாண்டிமீனா, மேலூர் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள், வாயைத் திறந்தால் சுருக்கென்று நாலு வார்த்தை. கதை கிரீஷுடையது: கொலுப் படியில் கடை விரித்திருக்கும் செட்டியார் பொம்மை, வியாபாரம் அலுத்துப்போய், இறங்கி ஊர் சுற்றக் கிளம்புகிறார். கல்லூரியில் ‘ஆகா’ என்றார்கள். வீட்டில் படி கட்டி, பொம்மைகளை அடுக்கி, கலசமும் வைத்த பிறகுதான் இயக்குநர் தன் கதையை அம்மாவிடம் சொன்னார்.

“வச்ச பொம்மைய நவராத்திரி முடியற வரைக்கும் நகத்தப்படாது” என்றார் ஸ்யாமளா.

“அரை இன்ச்தாம்மா.”

“அரை இன்ச் நகந்தா நகந்ததுதான்.”

பொம்மையை நகர்த்தி எடுக்கிற படத்துக்கு, நகர்த்தவே கூடாத பொம்மையைத் தேர்ந்தெடுத்த இயக்குநர் மதுரை ஜில்லாவில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். தினமும் சாயங்காலம் மூவரும் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து செட்டியாரைப் பார்த்தார்கள். செட்டியாரும் பார்த்தார். சுண்டல் வந்தது. “டைரக்டரே, படம் வளருதோ இல்லியோ, நான் வளருறேன்” என்றாள் பாண்டிமீனா, இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்தபடி.

சரஸ்வதி பூஜையன்று, கல்லூரியிலிருந்து வாங்கி வந்த கேமராவையும் ஸ்யாமளா புத்தகங்களோடு பூஜையில் வைத்துவிட்டார். படிக்கிற பிள்ளையின் ஆயுதம் அல்லவா. பக்தி சற்று மிகுந்துபோய் லென்ஸின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் காலை பூஜை முடிகிற வரைக்கும் அதைத் தொடவும் வழியில்லை. பாண்டிமீனா பொறுத்திருந்து எடுத்து, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் பிள்ளைக்குக் கண் துடைப்பதுபோல் துடைத்தாள்.

விஜயதசமி ராத்திரி, கொலு முடிந்ததற்கு அடையாளமாக, வழக்கப்படி ஸ்யாமளா ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார். மறுநாள் காலை எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கிரீஷ் சோர்ந்துபோய் நாற்காலியில் விழுந்தான். “முடிஞ்சது. என் விஷனே போச்சு.”

“ஏன் போச்சு?” என்றாள் பாண்டிமீனா. “அம்மாதான் ஒவ்வொண்ணா எடுக்கப் போறாங்கள்ல. ஒவ்வொரு பொம்மை எடுத்ததும் அவங்க தள்ளிக்கிட்டாப் போதும், நான் ஒண்ணு எடுத்துக்கிருவேன். ஓடவிட்டா எல்லாம் தானா இறங்கி வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்.”

கிரீஷ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான்.

காலையில் விளக்கைப் போட்டு, காற்றாடியை நிறுத்தி வேலையைத் தொடங்கினார்கள். ஒரு சங்கடம்: கிழக்கு ஜன்னல் வழியே வெயில் நிமிஷத்துக்கு ஒரு இடம் மாறியது. வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டவில்லை. யாராவது ஒருவர் ஜன்னலை மறைத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பொம்மையைத் தொட கிரீஷுக்கு அனுமதி இல்லை. போன வருஷம் கிருஷ்ணரின் புல்லாங்குழலை ஒடித்தவன். கேமரா பாண்டிமீனாவிடம், கம்ப்யூட்டர் அழகுபாண்டியிடம். மிச்சம் இருந்த இரண்டு கைகள் இயக்குநருடையவை.

“சும்மாதானே இருக்க, பிடி” என்று ஸ்யாமளா அவன் அப்பாவின் எட்டு முழத்தை நீட்டினார்.

ஜன்னல் உயரம். குதிகாலைத் தூக்கி, கைகளை விரித்து நின்றான். செட்டியாரும் தசாவதாரமும் கல்யாண கோஷ்டியும் ஒவ்வொருவராகச் செய்தித்தாளில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் இறங்கினார்கள். “தள்ளிக்கங்கம்மா.” “தள்ளியாச்சு.” க்ளிக். தொப்பிக்குள்ளிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. ‘ஆக்‌ஷன்’ சொல்ல மூச்சும் இல்லை. நடுவில் அழகுபாண்டி, “மாப்ள, கொடிக்கம்பம் லேசா ஆடுது” என்றான். கடைசிப் படி வெறுமையானபோது கிரீஷால் கைகளை இறக்க முடியவில்லை. அழகுபாண்டிதான் பிடித்து மடக்கிவிட்டான். “இத வெளிய சொன்ன, கொன்னுருவேன்” என்றான் கிரீஷ்.

அடுத்த வாரம் துறை அரங்கில் படத்தை ஓட்டினார்கள். படுத்திருந்த பொம்மையில் தொடங்கி, படிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, வெறும் வெள்ளைத் துணி மிஞ்சியது. வெளிச்சம் கடைசி வரை ஒரே சீராக நின்றது. ஜூனியர்கள் விசிலடித்தார்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடும் தமிழ்வாணி மேடம் விசிலுக்கு மயங்குகிறவர் இல்லை. “படம் நல்லா இருக்கு. ஆனா மார்க் ஆளுக்கு ஆள் தனி. கையால என்ன வேலை செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க.” அழகுபாண்டி சொன்னான். பாண்டிமீனா சொன்னாள்.

“விஷன் என்னுது, மேம்” என்றான் கிரீஷ்.

“கையால.”

“ஓவரால் டைரக்‌ஷன், மேம்.”

“கை, கிரீஷ்.”

பின்வரிசை மொத்தமும் ‘டைரக்டர் அண்ணே’யைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருஷம் போனாலும் போகட்டும், கொடிக்கம்பம் என்று பெயர் வாங்க வேண்டாம் என்று அவன் மனது அந்த நொடியில் கணக்குப் போட்டது. “ஒண்ணும் செய்யல, மேம்” என்றான்.

மேடம் பேனாவைத் திறந்தார்.

“பொய் சொல்றான், மேம்” என்றாள் பாண்டிமீனா. “காலையில இருந்து பொம்மை பூராம் உள்ள போற வரைக்கும் ஜன்னல்ல வேட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னான். இறக்கியிருந்தான்னா வெளிச்சம் மாறி மாறிப் படமே மினுக்கு மினுக்குன்னு போயிருக்கும்.”

பின்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான்.

“அது டைரக்‌ஷன் இல்ல, மேம்” என்று முனகினான் கிரீஷ்.

“எப்படி நின்னீங்க? காட்டுங்க” என்றார் மேடம்.

கிரீஷ் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். இரண்டு கைகளையும் காது மட்டத்துக்குத் தூக்கினான்.

“இல்ல மேம்” என்றாள் பாண்டிமீனா. “இன்னும் கொஞ்சம் ஒசரம்.”

அவன் குதிகாலைத் தூக்கினான்.