வெல்டா வைத்த எண்

மலையடியில் வண்டியை நிறுத்திய பிறகும் வெல்டாவின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. முன் சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பின்னால் டிரெய்லருக்குள் மாடுகள் இடித்துக்கொண்டு கத்தின. ஒரு சிவப்புப் பசு விழுந்து கிடக்க, மற்றவை அதன் மேல் கால் படாமல் நிற்க இடமின்றித் தவித்தன.

பின்னாலேயே சின்ன பிக்கப்பில் வந்த ஆர்லனும் அவன் தம்பி டெல்மரும் இறங்கி வந்தார்கள்.

"எத்தன தடவ சொல்றது? பிரேக்குல கால வச்சுக்கிட்டே எறங்காதேன்னு," என்றான் ஆர்லன். அவன் வெல்டாவின் கணவன்.

டெல்மர் மூக்கைச் சுளித்தான். "வெல்டா சமையல ஆரம்பிச்சாச்சு போல. அடிப்பிடிச்ச வாசன மலை உச்சி வரைக்கும் வருது."

கோபம் வந்தால் அவளுக்கு வாய் கட்டிக்கொள்ளும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அவள் புகுந்த ஹாஸ்கெட் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இத்தனை வருடமும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அவள் கீழே சமவெளியில் பீட்ரூட் விளையும் ஊரில் பிறந்தவள். ஸ்டியரிங்குக்கு மேலே தலை எட்டாத வயதிலேயே அப்பா அவளை அறுவடை லாரியில் உட்கார வைத்துவிட்டார். கல்யாணமாகி வயோமிங் மலைப் பக்கம் வந்தபோது, இந்த வீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஏற்கெனவே ஓர் ஆண் இருந்தான். குதிரை ஏறுவது, கயிறு வீசுவது, கன்றுக்குச் சூடு போடுவது எல்லாம் அவர்களுடையது. சாப்பாடு கட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பது அவளுடையது. பாரவண்டி மட்டும் எப்படியோ அவள் கைக்கு வந்தது. கோடை முழுக்க மலை மேல் மேய்ந்த மாடுகளை, பனி விழும் முன் கீழே கொண்டுவருவது அவள் வேலையானது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் காளைகளை ஏற்றி வரவும் அவளைத்தான் கேட்பார்கள். "வெல்டா ஓட்டினா மாடு தூங்கிக்கிட்டே வரும்" என்று யாரோ ஒருவர் சொன்னதை அவள் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

மாடுகளை இறக்கினார்கள். விழுந்த பசு எழுந்துவிட்டது. பின்னங்காலை நொண்டிக்கொண்டே பட்டிக்குள் போனது. வெல்டா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாதி மலையில், இரண்டாவது வளைவில், டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது இன்னும் முதுகில் இருந்தது. தாழ்ந்த கியரில்தான் இறங்கினாள். டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் விசையையும் இறுக்கி அழுத்தினாள். டிரெய்லர் பிடிக்கவே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவிலிருந்து கண்ணை எடுத்து வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

கையுறையை எடுக்க வண்டிக்குள் ஏறியவள் இப்போது பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், வண்டியோடு சேர்ந்தே வந்த அந்தச் சின்னத் திரையில், கெய்ன் என்ற சொல்லுக்கு அருகே இரண்டு என்று இருந்தது.

டிரெய்லரின் பிரேக் எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்கான எண் அது. பாரம் ஏறினால் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும். டிரெய்லர் நிறைய மாட்டுக்கு அவள் வைத்திருந்தது ஆறரை. போன ஞாயிற்றுக்கிழமை வேலிக்கம்பி வாங்கிவர டெல்மர் வண்டியையும் டிரெய்லரையும் கொண்டுபோனான். தொட்டி நிறைய டீசல் போட்டு, மிதியடியைக்கூட உதறித்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். காலையில் அவள் கொக்கியைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள். எண்ணைப் பார்க்கவில்லை. தன் வண்டியில் தான் வைத்த எண் அங்கேயேதான் இருக்கும் என்று நம்பினாள்.

"அடுத்த நடைய நான் ஓட்டறேன். சாவியக் குடு," என்று டெல்மர் கை நீட்டினான்.

"குடுத்துடு வெல்டா," என்றான் ஆர்லன். "சாயங்காலம் பனி வரும்ங்கறாங்க. மேல இன்னும் பாதி மாடு நிக்குது. இனிமே மலைப்பாதைய அவனே பாத்துக்கட்டும்."

இனிமே என்றான். இன்றைக்கு மட்டும் என்றுகூட இல்லை.

அவள் சாவியைக் கொடுத்தாள்.

டெல்மர் ஏறி உட்கார்ந்து இருக்கையைப் பின்னால் தள்ளினான். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினான். திரையைப் பார்க்கவே இல்லை. அவள் வண்டிக்கு வெளியே நின்று அவனையே பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மேலே மாட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இரண்டாவது வளைவு அவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும். போகட்டும், என்று நினைத்தாள். ஒருமுறை அவன் முதுகையும் அது தள்ளட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாக இருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. பட்டிக்குள் சிவப்புப் பசு காலைத் தரையில் ஊன்றுவதும் தூக்குவதுமாக இருந்தது.

அவள் கதவைத் திறந்து, அவன் மடிக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியை உருவினாள்.

"ஏய்! என்ன இது?"

"எறங்கு."

"ஆர்லன், இவளுக்கு என்ன ஆச்சு?"

"இந்த நம்பர மாத்தினது யாரு?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஆறரைல வச்சிருந்தேன். ரெண்டுல கெடக்கு."

டெல்மர் திரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அட, அதுவா? காலி டிரெய்லரு, பிரேக்கத் தொட்டாலே குதிர மாதிரி தூக்கி அடிச்சுது. டயரு தேஞ்சு போயிடும்னு கொறச்சேன். அதுக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமா? கெய்ன் ஏத்தணும்னா கன்னுக்குட்டிக்கு ஏத்து வெல்டா, பொட்டிக்கு எதுக்கு?" கன்றுகள் எடை கூடுவதற்கும் அங்கே அதே சொல்தான். தன் நகைச்சுவைக்குத் தானே இன்னொரு முறை சிரித்தான்.

"கொறச்சது தப்பில்ல. காலி வண்டிக்குக் கொறைக்கத்தான் வேணும். திருப்பி வைக்காம விட்டியே, அதுதான் தப்பு."

"ஒரு பட்டனு..."

"இரவல் வாங்கின சேணத்துல அங்கவடிய உன் காலுக்கு ஏத்தி வச்சுட்டு அப்படியே திருப்பிக் குடுப்பியா?"

டெல்மரின் சிரிப்பு நின்றது. அந்த மலைப் பக்கத்தில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அடுத்தவன் சேணத்தில் ஏறினால், இறங்கிய கையோடு கால் வைக்கும் வாரைப் பழைய துளையிலேயே மாட்டிவிட வேண்டும். குடித்துவிட்டு வண்டியை வேலியில் ஏற்றுகிறவன்கூட அதை மறப்பதில்லை. ஒரே ஒருவன் மறந்தான், பக்கத்துப் பண்ணை லாயிட். ஆர்லன் அவனோடு இரண்டு வருடம் பேசவில்லை.

"சேணம் வேற," என்றான் டெல்மர். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது.

"வேறதான். சேணத்துல நான் மட்டும் விழுவேன். இதுல மாடும் விழும்."

ஆர்லன் அருகில் வந்து, குனிந்து திரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை, ஓர் எண்தான்.

பிரேக் ஆறும்வரை காத்திருந்து, வெல்டா வண்டியிலும் அண்ணனும் தம்பியும் பிக்கப்பிலுமாக மேலே போனார்கள். மாடுகளை ஏற்றியதும், தார்ச்சாலை சமமாக ஓடும் இடத்தில் வெல்டா வண்டியை நிறுத்தினாள்.

"டெல்மர், எறங்கி ஓரமா நில்லு. டிரெய்லர் சக்கரத்தப் பாரு. சுத்தாம இழுத்துக்கிட்டு வந்தா கத்து."

"நானா?"

"நீதான்."

மெதுவாக ஓட்டிவந்து விசையை அழுத்தினாள். டிரெய்லர் லேசாகத்தான் பிடித்தது. எண்ணை ஏற்றி, திரும்பி வந்து, மறுபடி அழுத்தினாள். மறுபடி ஏற்றினாள். குளிர்காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற டெல்மர் கடைசியில் கையை ஆட்டிக் கத்தினான். "புடிச்சுக்கிச்சு! டயரு பொகையுது!" அவள் அரை எண் குறைத்து இன்னொரு முறை பார்த்தாள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது.

டெல்மர் பிக்கப்பை நோக்கி நடந்தான்.

"அங்க இல்ல. எம்பக்கத்துல ஒக்காரு."

அவன் அண்ணனைப் பார்த்தான். ஆர்லன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வெல்டா வண்டியை இறக்கத்தில் விட்டாள். இரண்டாவது வளைவில், ஒன்றுமே இல்லாத தரைமிதியடியை டெல்மரின் வலது கால் அழுத்து அழுத்தென்று அழுத்துவதை அவள் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிரேக் கெடையாது," என்றாள்.

கீழே வந்ததும் டெல்மர் டிரெய்லர் கதவைத் திறந்துவிட்டுப் போனான். மாடுகள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கின. ஆர்லன் அவளிடம் வந்து, "அவன் அப்படித்தான். மன்னிப்புன்னு வாயில வராது," என்றான்.

"அவங்கிட்ட எவன் கேட்டான்?" வெல்டா கையுறையைக் கழற்றவில்லை. "அவன் தொட்டது பட்டன. நீ ஒரு தடவ உள்ள எட்டிப் பாத்தியா? என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா? எறங்கினதும் என் கால் மேலதான் பழியப் போட்ட."

"பாத்திருக்கணும்," என்றான் ஆர்லன்.

"ஆமா."

அவன் இன்னும் ஏதோ சொல்ல நின்றான். பனியின் முதல் தூவல் விழத் தொடங்கியிருந்தது. அவள் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பசுவின் காலைப் பார்க்கப் பட்டிக்குள் போனாள்.