வேடம் என்று நினைத்தார்கள்

தசராவுக்குக் குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வேடம் கட்டிக் காணிக்கை எடுக்கிறவர்களுக்காகவும் அதைப் போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது. எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். பிறகு பழையகாயல் பக்கம் உப்பளத்தில் வேலை.

என் தம்பி இசக்கிமுத்து ஹார்பரில் லோடு ஏற்றப் போனவன். இடையில் புத்தி தடுமாறியது. தனியாகப் பேசுவான். வெயிலில் நடந்துகொண்டே இருப்பான். தெருவில் கல்லெறிந்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தி ஆனி மாதம் வீட்டை விட்டுப் போனான். திரும்பவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்து அந்த ஐப்பசியிலேயே செத்துப்போனாள். கொள்ளி போட மகன் இல்லை. சித்தப்பா மகன் போட்டான்.

தூத்துக்குடிக்கு வெளியே, தெருவில் திரிகிற மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கிற இல்லம் ஒன்று உண்டு. அங்கே போய்க் கேட்டேன். தம்பி இல்லை. பொறுப்பில் இருந்த ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க ஆள் பத்தல. ஒரு வருசப் படிப்பு இருக்கு. இவங்களப் பாத்துக்கிட, வீட்டாளுவகிட்ட பேச, எல்லாம் சொல்லித் தருவோம். சேருதியா?"

சேர்ந்தேன். தம்பியைப் போன்றவர்கள் வந்து சேருகிற இடம். அவனும் என்றாவது வருவான் என்றுதான்.

அளத்தில் சிரித்தார்கள். "ஏளா, கிறுக்கனக் குளிப்பாட்ட ஒரு படிப்பா? அதுக்குப் பரீட்சை வேற வைப்பாவளாமே!"

உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசக் கூடாது. பிடித்து இழுக்கக் கூடாது. பெயரைக் கேட்க வேண்டும். இப்படித்தான் பாடம். யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் புண் கழுவினேன், நகம் வெட்டினேன். உள்ளே எரிந்தது. என் தம்பிக்கு யார் செய்வார்? ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அம்மனிடம் சண்டை போட்டேன். உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன். பிச்சைக்காரி வேடம் கட்டி உன் வாசலுக்கு வருகிறேன், அவனைக் காட்டு என்றேன்.

புரட்டாசியில் மாலை போட்டேன். தசரா நேரத்தில்தான் பரீட்சையும் வந்தது.

"வேசம் அடுத்த வருசமும் கட்டலாம்ளா. பரீட்சைய விட்டா படிச்சதெல்லாம் வீணாப் போவும்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"தம்பி போயி வருசம் தாண்டிட்டுக்கா."

பரீட்சையை விட்டுவிட்டு வேடம் கட்டினேன்.

கிழிந்த சேலை, முகத்தில் கரி, கையில் தட்டு. எங்கள் ஊர்க் குழுவோடு வீடு வீடாகக் காணிக்கை எடுத்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு கடைத்தெரு. பூட்டிய கடைப் படியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இடுப்பில் சாக்கு. முகத்தை மறைத்துச் சடை விழுந்த தலை. முன்னால் பழமும் காசும் கிடந்தன. பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஒரு கடைக்கார அண்ணாச்சி தன் பிள்ளைக்கு அவன் கையால் திருநீறு பூசச் சொன்னார்.

எங்கள் மேளக்காரன் நின்றுவிட்டான். "ஏலே, வேசம்னா இதுலா வேசம்!" என்றான். என் பக்கம் திரும்பினான். "நீயும் கட்டியிருக்கியேளா, கரிச்சட்டிய கவுத்துன மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். எந்தக் குழு என்று அவனிடம் கேட்டார்கள். பதில் இல்லை. மௌன விரதம் என்றார்கள்.

நான் அவன் காலைப் பார்த்தேன். சீழ். ஈ மொய்த்தது. அது வேடம் இல்லை. படித்தபடி எதிரே தரையில் உட்கார்ந்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவன் என் தட்டைப் பார்த்தான். தன் முன்னால் கிடந்த பழத்தில் ஒன்றை எடுத்து அதில் வைத்தான்.

"தின்னுளா. இங்கன நல்லா போடுதாவ."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பெயரைக் கேட்டேன். இசக்கிமுத்து என்றான். அப்பா பெயரையும் சொன்னான். என்னை அவனுக்குத் தெரியவில்லை. அம்மன் என் தட்டில் பிச்சை போட்டுவிட்டாள். பழத்தைத் தின்றேன்.

கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. மிரண்டு ஓடிவிடுவான். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்துவிட்டு அவன் பக்கத்திலேயே இருந்தேன். இல்லத்து வண்டி வந்தது. கூட்டம் சத்தம் போட்டது.

"விரதக்காரர எங்க கொண்டு போறிய?"

"என் தம்பி. மனசு சொகமில்ல."

"கிறுக்கனா!"

கும்பிட்டவர்கள் ஒதுங்கினார்கள். அண்ணாச்சி தன் பிள்ளையின் நெற்றித் திருநீற்றைத் துண்டால் துடைத்தார்.

குலசைக்குப் போய்க் காணிக்கையைச் செலுத்தினேன். நன்றி சொன்னேன். அம்மா உயிரோடு இருக்கும்போதே காட்டியிருக்கலாமே என்பதையும் சொன்னேன்.

அந்தப் பரீட்சை போனது. அடுத்த தடவை எழுதித் தேறினேன். இப்போது அந்த இல்லத்தில்தான் வேலை. முன்பு போல உள்ளே எரியாது. தம்பிக்குக் கால் ஆறிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறான். என்னை டீச்சர் என்கிறான். சில நாள் அம்மா எங்கே என்று கேட்பான். பொய் சொல்லக் கூடாது என்று படித்திருக்கிறேன். செத்துப்போனாள் என்று சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுகிறான். அழுது முடிகிறவரை கூட இருக்கிறேன்.

அம்மனை நம்புங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். கொடுப்பாள். நாம் கேட்ட நேரத்தில் கொடுக்க மாட்டாள், அவ்வளவுதான். இந்தத் தசராவுக்கு யாருக்காவது காணிக்கை போட்டால், போட்டுவிட்டு நடக்காதீர்கள். குனிந்து ஒரு வார்த்தை கேளுங்கள். விரதக்காரர் என்றால் கோபிக்க மாட்டார். இல்லையென்றால், அவரைத் தேடி ஒருத்தி எங்கேயோ அலைந்துகொண்டிருப்பாள்.