மருந்துக்காரர் வீட்டுப் பட்டுப்புழுக்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் பெயர் மருந்துக்காரர். எனக்கு மாமா. விமானத் திடலில் பூச்சிமருந்தைக் கலந்து, சின்ன விமானத்தின் தொட்டியில் ஏற்றிவிடுவது அவர் வேலை. விமானம் அதைக் காட்டின் மேல் தெளித்துவிட்டு வரும். எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். ஆனால் கம்பளிப்புழு ஏறிவிட்டால் ஒரு துளிர் மிஞ்சாது.

முன்பெல்லாம் அவர் கலந்தது அசல் விஷம். அப்போது மனுஷன் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, சட்டையைத் தனியாக அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். பின்னறை முழுக்க அக்காவின் பட்டுப்புழுத் தட்டுகள். அவர் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகும். மகளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியது அந்தப் புழுக்கள்தான். கடைசி வருடப் படிப்பும் அடுத்து விற்கப்போகும் பட்டுக்கூட்டை நம்பித்தான் இருந்தது.

பிறகு விஷத்தை நிறுத்திவிட்டு, பாக்டீரியாவில் செய்த உயிரி மருந்தைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி எல்லாரையும் கூட்டிவைத்து, "இது விஷமே இல்லப்பா. மனுஷனுக்கு, மாட்டுக்கு, தேனீக்கு ஒண்ணும் ஆகாது. இலையோட சேத்துத் தின்னா புழு மட்டும்தான் சாகும்" என்றார்.

மாமா காதில் ஏறியது முதல் வாக்கியம் மட்டும். "இத்தனை வருஷம் பயந்து பயந்து செத்தேன், இனிமே நிம்மதி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குழாயடிக் குளியல் அன்றோடு போயிற்று.

அந்தச் சமயம் புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டுப் பேய்த்தீனி தின்றுகொண்டிருந்தன. அக்காவுக்கு இலை பறித்து மாளவில்லை. மாமா பாவம் பார்த்து, திடலிலிருந்து வந்த கையோடு, அதே சட்டையில் இலைக்கட்டைச் சுமந்துவந்து தட்டுத் தட்டாகத் தூவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த ஒரே வீட்டு வேலை அதுதான்.

மறுநாள் புழுக்கள் இலையைத் தொடவில்லை. அடுத்த நாள் கறுத்துத் துவண்டு நாறின. அக்கா மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினாள். மாமா அதிகாரியிடம் ஓடினார்.

"புழு சாகும்னு சொன்னேனே? பட்டுப்புழு மட்டும் என்ன, பூனையா?" என்றாராம் அவர்.

வீட்டில் யாராவது பட்டு வளர்க்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வாய் சுளுக்கிக்கொள்ளுமா? மாமாவையும் நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். அவர் காலித் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

காடு பிழைத்தது. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அதிகாரி பெரிய மனசு பண்ணி, திடலிலேயே மருந்து டிரம் கழுவும் வேலையை அவளுக்குப் போட்டுக்கொடுத்தார்.

முதல் நாள் அப்பாவும் மகளும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்.

"படிப்புதான் போச்சு. அவ தலையாவது தங்கட்டும், ஹெல்மெட்ட மாட்டி விடுங்க."

மாமா தன் தலையில் இருந்ததைக் கழற்றி மகளுக்கு மாட்டினார். கொக்கி அவர் கைக்கு விழவே இல்லை. அவளே போட்டுக்கொண்டாள்.