கட்டையன் என்கிற பாஸ்கா

காலையிலிருந்து எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. மூன்றாம் மாடி அம்மா தன் பூனையைக் காணோம் என்று படம் போட்டார். உடனே ஐந்தாம் மாடிக்காரர், அது எங்கள் பூனை, எங்கள் சோபாவில்தான் தூங்குகிறது என்று அவரும் ஒரு படம் போட்டுவிட்டார். இரண்டு படத்திலும் அதே பூனை. அப்புறம் கேட்கவா வேண்டும்? எங்கள் மலை ஊரான தானா ராத்தாவில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வேறு ஜோலி இல்லை போலிருக்கிறது. எனக்கு இருந்தது, அடுப்பில் நெத்திலி வறுபட்டுக்கொண்டிருந்தது. சண்டையை ரசித்துப் படித்ததில் அது தீய்ந்தே போனது. அந்த வாடைக்குத்தான் கட்டையன் நினைவுக்கு வந்தான்.

நான் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதிது. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்து வெயிலில் வளர்ந்தவள் நான். இங்கே வந்த மறுநாளே தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்ததைப் பார்த்து, கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போனேன். கவிழ்த்துப் பிடித்தும் விழவில்லை. பைப்படியில் நின்ற பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. பொழுது சாய்ந்தால் நானும் குளிரும் மட்டும்தான்.

லயத்து வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சுவரோ கூரை வரைக்கும் போகாது. ஓர் ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டு மேரி அக்கா ஜெபமாலை சொல்வது, ரசத்துக்குத் தாளிப்பது எல்லாம் எனக்குக் கேட்கும். நாங்கள் போடும் சண்டை அவருக்குக் கேட்கும். பனியும் அந்த வழியாகத்தான் வரும். 'அதை அடைத்துத் தரச் சொல்லி கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியிடம் கேளுங்கள்' என்று வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இடைவெளி வழியாகத்தான் ஒருநாள், நெத்திலி வறுக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு மஞ்சள் பூனை அரிசி மூட்டைமேல் தொப்பென்று குதித்தது. பாதி வால்தான் இருந்தது. கட்டையன் என்று பேர் வைத்தேன். என் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி. அன்றிரவு கால்மாட்டில் படுத்தான். அந்த மலையில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுக்கும் போய்வருவான். மேரி அக்கா அவனைப் 'பாஸ்கா' என்று கூப்பிடுவது கேட்கும். பாஸ்கா திருநாளன்று, அதாவது ஈஸ்டர் அன்று, வந்தானாம். நம் பூனைக்கு அந்த வீட்டிலும் ஒரு பேர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அக்காவும் அதே பெருந்தன்மையோடு என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு புரட்டாசியும் ஒரு தவக்காலமும் இப்படியே போயின. பிறகு ஒரு சனிக்கிழமை அவனைக் காணோம். தேயிலைச் சந்துகளில் நான் கீழே இறங்கி "கட்டையா" என்றும், அக்கா மேலே ஏறி "பாஸ்கா" என்றும் தொண்டை வறளக் கூப்பிட்டோம். அடுத்த சனிக்கிழமை, லயத்துக்குக் காய்கறி கொண்டுவரும் கோலா தெர்லா ஊர் லோரி வந்தது. டிரைவர் ஒரு முட்டைக்கோஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே கட்டையன், கழுத்தில் சிவப்பு ரிப்பன், முகம் உப்பி.

"காலிக் கூடையில ஏறி வந்துட்டான். எங்க ஊரு சீன ஆண்டி வளக்கறேன்னு வச்சிக்கிட்டாங்க. இப்ப அழுதுகிட்டேதான் குடுத்தாங்க. யாரு பூனை இது?"

"எங்க பூனை" என்று இரண்டு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

லயமே கூடிவிட்டது. கோடி வீட்டுக் கங்காணி தேத்தண்ணிக் குவளையோடு வெளியே வந்தார். வேலைக்காட்டில் யாருக்குள் சண்டை வந்தாலும் அவர்தான் தீர்ப்பார். பூனை வழக்கு அவருக்கும் புதிது. ஆளுக்கொரு அத்தாட்சி சொல்லச் சொன்னார்.

"தவக்காலம் நாப்பது நாளும் எங்க வீட்டுல கறி மீன் கெடையாது அண்ணே. இவனும் வாயத் தொறந்து கேக்கமாட்டான். எங்களோட சேந்து ஒறுத்தல் செய்யறவன்" என்றார் மேரி அக்கா.

நான் விடுவேனா? "புரட்டாசி பூரா எங்க வீட்டுல சைவங்கய்யா. பருப்புச் சோத்த மோந்து பாத்துட்டுப் பேசாமப் படுத்துக்குவான். சாமிப் பூனைலா" என்றேன்.

கங்காணி ஒரு மடக்குக் குடித்தார். "மேரி, புரட்டாசியில ஒன் வீட்டுல என்ன சமையல்?"

"மீன்தான்... கருவாடு."

"தவக்காலத்துல ஒன் வீட்டுல என்னம்மா?"

"கோழி" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"எலும்பெல்லாம் யாரு தின்னா?"

லயம் முழுக்கச் சிரித்தது. மேரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எம் மக நர்ஸ் படிக்கக் கேஎல் பட்டணத்துக்குப் போயி, வீடே வெறிச்சுனு கெடந்தப்ப வந்தவன் அண்ணே. என்னால குடுக்க முடியாது" என்றார். அந்த லயத்தில் எனக்கென்று வந்தவன் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் ராத்திரியில் யாரோடு பேசுவேன்? "எனக்கும் யாரு இருக்காக்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா என்னை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார்.

இதற்குள் கட்டையன் கூடையிலிருந்து குதித்து என் வீட்டுக்குள் ஓடி, மூட்டைமேல் ஏறி, சுவர் உச்சிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கங்காணி எட்டிப் பார்த்தார்.

"செவுரு யாரோடது?"

"கம்பெனியோடது" என்றேன்.

"அப்ப அதுமேல படுத்திருக்கறதும் கம்பெனிப் பூனைதான். ரெண்டு பேரும் சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் பலகைகளோடு தச்சர் வந்து நின்றார். சுவர் இடைவெளியை அடைக்கக் கம்பெனி உத்தரவாம். என் நச்சரிப்பு பலித்த நேரத்தைப் பாருங்கள். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் ஒவ்வொரு பலகையாக அடிக்க அடிக்க, நான் மிச்சப் பலகைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். கடைசிப் பலகைக்கு ஆணியை எடுத்தபோது அந்தப் பக்கமிருந்து மேரி அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, அந்த ஒரு பலகைய விட்டுருங்க."

"எதுக்குங்க? பனி வரும்லா."

"பூனை போவணும்."

"கொஞ்சம் பெருசாவே விடுங்கண்ணே, கோலா தெர்லாவுல நல்லாத் தின்னுட்டு வந்திருக்கான்" என்றேன் நான். அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது.

அந்த ஓட்டை வழியாகப் பூனை போனதைவிடக் கிண்ணங்கள் போனதுதான் அதிகம். தீபாவளி முறுக்கு அங்கே போகும், கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும். மூத்தவள் பிறக்க இடுப்புவலி எடுத்தபோது அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் "அக்கா" என்று கத்தினேன். கட்டையன் கிழவனாகி, சுவருக்கு மேலேயே தூங்கியபடி போய்ச் சேர்ந்தான். லயத்தையும் இடித்துவிட்டார்கள்.

மேரி அக்கா இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். தீய்ந்த சட்டியை ஊறப்போட்டுவிட்டு, அவருக்குப் போன் செய்து, குழுவில் நடக்கும் சண்டையைப் படித்துக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"மூனாம் மாடிக்காரம்மா பேரு என்னா?"

"தெரியலக்கா."

"அஞ்சாம் மாடி?"

"அதுவும் தெரியல. பூனை பேருதான் தெரியும். ஒரு வீட்டுல கோகோ, ஒரு வீட்டுல லக்கி."

"செவுத்துல எங்கயாச்சும் பலகை கெலகை கழண்டிருக்கா பாரு புள்ள."

"எல்லாம் சிமெண்டுக்கா. கூரை வரைக்கும்."



"அப்ப கஷ்டந்தான்" என்றார் அக்கா.