சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

பாலக்கரையில் என் கணவர் சல்லிசாக வாங்கி வந்த பழைய டீசல் மினி லாரிக்கு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் பூஜை போட்டோம். வாழைத்தார் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டுவதாகத் திட்டம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. சாவியைத் திருகினால் வண்டி முனகியதோடு சரி. தெருக்காரர்கள் சேர்ந்து தள்ளித்தான் எலுமிச்சம்பழங்களை நசுக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனதும் அதற்கு ஓர் அறை விழுந்தது.

வண்டி வருவதற்கு முன்பும் அவர் அடிப்பவர்தான். வந்த பிறகு காரணம் தேடும் சிரமம் அவருக்கு இல்லாமல் போயிற்று. கறுப்பாகப் புகை வந்தால் அடி. ரேடியேட்டர் கொதித்தால் அடி. வண்டியையும் விடமாட்டார். ஸ்பேனரால் கதவில் ஓங்கிப் போடுவார், தகரம் ஒடுங்கும். பிறகு என் பக்கம் திரும்புவார். எனக்கும் அந்த லாரிக்கும் ஒரே ராசி என்று தங்கச்சியிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

பேட்டரி செத்தது, ஹேண்ட் பிரேக் பிடிக்காது. காசு போட்டு மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதனால் வண்டியைக் கொள்ளிடக் கரைச் சரிவில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல்லைக் கொடுத்துவிடுவார். காலையில் அவர் ஏறி பிரேக்கை மிதித்துக்கொள்வார். நான் குனிந்து கல்லை உருவ வேண்டும். வண்டி தானாக உருண்டு, இரண்டாவது கியரில் உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். கல் இறுகிக் கிடக்கும், ஆட்டி ஆட்டித்தான் எடுக்க முடியும். மேலிருந்து கத்துவார்.

“கல்லை எடுடி! சோறு திங்கிறப்ப மட்டும் கை வேகமா போகுதுல்ல?”

ஒரு நாள் கல் பாதி நகர்ந்திருந்தபோதே பிரேக்கை விட்டுவிட்டார். கல் புரண்டது. என் வலது கை விரல்கள் அதற்கும் தரைக்கும் நடுவே. நான் போட்ட கூச்சலை மீறி எஞ்சின் பிடித்தது, வண்டி போய்விட்டது. நிறுத்தவில்லை. டீக்கடை அக்காதான் ஆட்டோ பிடித்து என்னைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நடுவிரலின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வந்து கட்டிலருகில் நின்றார். “சீக்கிரம் எடுத்திருந்தா இது நடந்திருக்குமா?” என்றார். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனுஷன் செத்தால் தேவலை என்று தோன்றியது. தோன்றியதில் எனக்கு வெட்கமும் இல்லை.

வீடு திரும்பிய மறுநாளே விடிந்ததும் எழுப்பினார். தோட்டத்தில் தார் வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். கரையில் டீக்கடைகூடத் திறக்கவில்லை, வேறு ஆள் இல்லை. அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். கட்டுப்போட்ட கையை நீட்டிக் காட்டினேன்.

“இதை வச்சுக்கிட்டு எப்படிங்க உருவுறது? நான் பிரேக்கை மிதிச்சுக்கிறேன். நீங்க எடுத்துட்டு வந்து ஏறிக்குங்க.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்து, உடம்பின் முழுப் பாரத்தையும் பிரேக்கில் வைத்தேன். அவர் குனிந்து கையைச் சக்கரத்துக்கு அடியில் விட்டார். கல் வரவில்லை. இழுத்தார், ஆட்டினார். அந்த ஆட்டத்தில் வண்டி லேசாக முனகி அசைந்தது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருடைய கை உள்ளே, என் கால் மேலே. அவர் முகம் வெளிறியது. இத்தனை வருஷத்தில் அவர் வாயில் நான் கேட்காத குரல் வந்தது.

“அம்மா, விட்டுடாதம்மா. காலை எடுத்துடாத.”

அவர் கையை உருவிக்கொள்ளும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கை ஓங்கவில்லை. திருந்திவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கை சரியாகிவிட்டது, ஆனால் கல்லை இன்றைக்கும் அவர்தான் எடுக்கிறார். பிரேக்கில் என் கால் இருக்கிறது.