முப்பத்திரண்டாம் வரிசை வரை

அலுவலகத்தில் அவருக்குக் கைதட்டி என்று பெயர். புது அறைக்குள் நுழைந்தால் முதலில் ஒரு கைதட்டு. அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்ட பிறகுதான் வணக்கமெல்லாம். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டே கைதட்டிய மனிதர். இசை அரங்குகளுக்கு வரைபடம் போடுகிறவருக்கு இதெல்லாம் தொழில். கூடப் போகும் மனைவிக்குத்தான் மானம் போகும்.

இந்த அரங்குக்கான யோசனையைக் கொடுத்தது பேருந்து நிறுத்தத்து மரம். உச்சியில் ஒரு குருவி கத்தினால் அடியில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி கேட்டது. இலைகள் சத்தத்தைப் பங்கு வைக்கின்றன என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மனிதர் பேருந்தைக் கோட்டைவிட்டார். அரங்கின் கூரையில் மரத்தால் செய்த இருநூற்று நாற்பது இலைகளைத் தொங்கவிட்டார்.

முதல் சோதனையிலேயே மூக்கு உடைபட்டது. இலைகளின் குழிந்த பக்கம் மேடையைப் பார்த்து இருந்ததால், பாட்டு பாடினவரிடமே திரும்பிப் போய்விட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்த முதலாளிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, இலையெல்லாம் கழட்டிட்டு வெறும் பலகையை அடிச்சிடுவேன்," என்றார் முதலாளி.

தச்சர்கள் கைதட்டியைத் திட்டிக்கொண்டே ஒவ்வோர் இலையாகத் திருப்பி மாட்டினார்கள்.

இன்று பத்து மணிக்கு மறுசோதனை. எட்டு மணிக்கே மனைவியை இழுத்துவந்து கடைசியான முப்பத்திரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்.

"மதியம் தங்கச்சி வரா. வீட்ல போட்டது போட்டபடி கிடக்கு. சீக்கிரம் பாடுங்க."

"நான் பாடினா அரங்கத்தையே மூடிடுவாங்க. பேசுறேன். கேக்குதான்னு சொல்லு, போதும்."

மேடையேறினார். கைதட்டக் கை எழவில்லை. என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. வழக்கம்போல் வாய்க்குள் முணுமுணுத்தார். வீட்டில் அவர் முணுமுணுப்பு அடுக்களை வரைகூட எட்டியதில்லை, அந்தத் தைரியம்.

"மூணு நாள்னு சொல்லிட்டு மூணு வாரம் டேரா போடுவா, மகராசி."

நிமிர்ந்து இலைகளைப் பார்த்தார்.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் எதுக்குமே லாயக்கில்ல."

"யார் சொன்னா லாயக்கில்லன்னு? இருபத்தாறு வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது. அவளோ இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுச்சா? வாய்க்குள்ளதானே சொன்னேன்! எல்லாமே கேட்டுச்சா?"

"ஒரு வார்த்தை விடாம," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள் மனைவி. "தங்கச்சியைப் பத்திச் சொன்னதும் சேர்த்து."